சுகம் பெறாதவர்களின் விசுவாசம்

பேராக் மாநிலத் தமிழ்ச் சபைகளில் ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது. அற்புதம் நடக்கிற சபைதான் உயிருள்ள சபை என்பது அது. ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ சுங்கை சிப்புட்டிலோ சுகமளிக்கும் கூட்டம் அறிவித்துவிட்டால் வேன் பிடித்துக்கொண்டு ஜனம் வருகிறது. அதே சபையில் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகும் குழுவுக்கு ஆள் சேர்ப்பதற்குள் பொறுப்பாளர் களைத்துப்போகிறார். ஏன் இப்படி என்று கேட்டால் தயங்காமல் பதில் வருகிறது. சமூக சேவையை அரசாங்கம் செய்யும், லயன்ஸ் கிளப் செய்யும், கோயில் செய்யும். தேவனுடைய வல்லமையைக் காட்டச் சபையால் மட்டும்தான் முடியும் என்கிறார்கள்.

இந்தக் கருத்தின் நிழலில் இன்னொன்றும் வளர்கிறது. சுகம் பெற்றவனுக்கு விசுவாசம் இருந்தது; சுகம் பெறாதவனுக்கு அது போதவில்லை. மேடையில் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. ஆனால் கூட்டம் முடிந்து, ஜெபித்த பிறகும் அதே சக்கர நாற்காலியில் வீடு திரும்பும் பெண்ணிடம் சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள்: இன்னும் கொஞ்சம் விசுவாசிங்கம்மா, மனசுல ஏதாவது தடை இருக்கான்னு பாருங்க. நோயோடு வந்தவள் நோயோடும் குற்ற உணர்வோடும் திரும்புகிறாள்.

நான் அற்புதங்களை நம்புகிறவன். மருத்துவர் கைவிட்ட பிறகும் பிழைத்து எழுந்தவர்கள் உண்டு என்பதையும், ஜெபம் கேட்கப்படுகிறது என்பதையும் மறுத்து எழுத வரவில்லை. மறுக்க வந்தது மேலே சொன்ன இரண்டையும்தான். அவை வேதத்துக்கு விரோதமானவை, இந்த மாநிலத்துக் கிறிஸ்தவர்களின் வரலாற்றுக்கு விரோதமானவை, எல்லாவற்றுக்கும் மேலாக ஏழைகளுக்கு விரோதமானவை.

வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஈப்போவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாப்பான், பழைய ஈயச் சுரங்கப் பட்டணம். அதன் பிரதான சாலையில் 74ஆம் எண் கடைவீட்டில் ஜப்பானியர் காலத்தில் ஒரு மருந்தகம் நடந்தது. நடத்தியவர் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண், பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி, ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. அவர் மணந்த டாக்டர் கார்த்திகேசு தமிழர். இருவரும் ஈப்போவில் பிரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்திவந்தார்கள். 1941 டிசம்பரில் ஈப்போவின் மேல் குண்டு விழுந்தபின் குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது.

காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் காயம்பட்டால் இரவில் அந்த வீட்டின் பின்புறமாக வருவார்கள். சிபில் குண்டுகளை அகற்றினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், மருந்து கொடுத்தனுப்பினார். வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அந்தப் படையை வழிநடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. கடவுள் இல்லை என்று சொல்லும் கட்சியின் ஆட்களுக்கு, தினமும் ஜெபிக்கும் ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைத்து மருத்துவம் பார்த்தார். ஞானஸ்நானம் எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டு அவர் புண்ணைக் கழுவவில்லை.

1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெத்தாய் அவரைப் பிடித்தது. ஜோசஃபின் என்று பெயரிட்டு மறைத்து வைத்திருந்த வானொலியில் பிபிசி கேட்டது, எதிரிக்கு உளவு சொன்னது, காட்டுப் படைக்கு மருத்துவம் செய்தது என்று மூன்று குற்றச்சாட்டுகள். யோஷிமுரா என்ற சார்ஜெண்ட் அவரைச் சித்திரவதை செய்தான். சிறு குழந்தையான மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, பெயர்களைச் சொல் என்றான். அவர் சொல்லவில்லை. குழந்தை பிழைத்தாள். சிபிலின் முதுகெலும்பும் தாடையும் சிதைந்தன. பத்து காஜா சிறையில் ஆயுள் கைதியாகக் கிடந்தவர், ஜப்பான் சரணடைந்தபின் நடக்கமுடியாத நிலையில் வெளியே வந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள்; ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். தாடையில் பட்ட பழைய காயம் சீழ்பிடித்து, 1948 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் இறந்தார். பின்னர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுப் புனித மைக்கேல் ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1954இல்தான் நூலாக வந்தன.

இனி, சுகமே விசுவாசத்தின் அளவு என்று போதிப்பவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று கேட்கிறேன். அவர் ஜெபித்தார். தூதன் வந்து சிறைக்கதவைத் திறக்கவில்லை. முதுகெலும்பு நேராகவில்லை. நான்கு ஆண்டுக்கும் மேலாக ஜெபத்தோடு சுமந்த காயமே அவரைக் கொன்றது. மேடைக் கணக்குப்படி அவர் சுகம் பெறாதவர், அதனால் விசுவாசத்தில் குறைந்தவர். இப்படி ஒரு முடிவுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற கணக்கில்தான் பிழை இருக்கிறது. பேராக் மண் கண்ட கிறிஸ்தவர்களில் இவரைவிடப் பெரிய விசுவாசி ஒருவரை எனக்குத் தெரியாது. ஆயினும் நம் தமிழ்ச் சபைகளின் ஞாயிறு வகுப்புகளில் பிள்ளைகள் கேட்கும் சாட்சிகளில் இவர் பெயர் வருவதில்லை. ஈப்போவின் ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தச் சாலை வழியாகவே நாம் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வருகிறோம்.

வேதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு நிற்பது அதன் மேல்தான். இயேசு நோயாளிகளைச் சுகமாக்கினார், சீடர்களுக்கும் அதையே கட்டளையிட்டார். இதைச் சொல்லி என்னை வாயடைக்கப் பார்ப்பார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தச் சம்பவங்களைத் தலைப்போடு விட்டுவிடாமல் கடைசிவரை படிக்கட்டும்.

கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை. இயேசு கண்டது அவனைச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்றுதான் மாற்கு எழுதுகிறார். நாயீன் ஊர் வாசலில் ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்த விதவை யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் அழுவதைக் கண்டு அவர் மனம் உருகினார், அவ்வளவுதான். பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கியது யார் என்றே பிறகுதான் தெரிந்தது. கெத்சமனே தோட்டத்தில் காது அறுபட்டவன் அவரைக் கைதுசெய்ய வந்த கூட்டத்தில் ஒருவன். அவனிடம் என்ன விசுவாசத்தைத் தேடுவீர்கள்? பிறவிக் குருடனைப் பார்த்து இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டையும் மறுத்தார். நம்முடைய கூட்டங்களுக்குப் பின் பந்தலுக்கு வெளியே கேட்கப்படுவது அந்தச் சீடர்களின் கேள்விதான்.

நாசரேத்தைக் காட்டுவார்கள். அவிசுவாசத்தினிமித்தம் அங்கே அவரால் அதிகம் செய்யமுடியவில்லை என்று எழுதியிருக்கிறதே? இருக்கிறது. அந்த அவிசுவாசம் யாருடையது? தச்சன் மகன்தானே என்று இளப்பமாகப் பேசிய ஊராருடையது. அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைவைத்துச் சுகமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. நோயாளி ஒருவனைப் பார்த்து உன் விசுவாசம் போதாது, போ என்று அவர் திருப்பியனுப்பிய ஒரு சம்பவம் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. பவுல் தன் உடலின் முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்ததை மறைக்காமல் எழுதினார். தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று கைவைத்தியம் சொன்னார். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் ஆயுளில் பதினைந்து ஆண்டு கூட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும், அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அற்புதம் நடந்த அடுத்த நிமிடம் இயேசு செய்வது. யவீருவின் மகள் எழுந்து உட்கார்ந்ததும் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். வெளியே யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிறார். குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கியதும், நேரே ஆசாரியனிடம் போய்க் காட்டு என்று அனுப்புகிறார். அன்றைய சட்டப்படி ஆசாரியன் சான்று கொடுத்தால்தான் அவன் வீட்டுக்கும் ஊருக்கும் திரும்பமுடியும். தோல் சுத்தமானால் போதுமென்று அவர் விடவில்லை. அவன் மறுபடி மனிதரோடு மனிதனாக வாழத் தேவையான அலுவலக வேலையையும் நினைத்தார். பசித்த கூட்டத்தைக் கிராமங்களுக்கு அனுப்பிவிடலாம், வாங்கிச் சாப்பிடட்டும் என்று சீடர்கள் சொன்னபோது, நீங்களே கொடுங்கள் என்றார். அப்பம் பெருகியது அதற்குப் பிறகு, சீடர்களின் கைவழியாகப் பரிமாறப்பட்டபோது. அற்புதத்தையும் பசியையும் அவர் பிரித்ததே இல்லை. பிரித்தது நாம்.

அப்படியானால் ஜனம் ஏன் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறது? அறியாமை என்று படித்தவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பேராக் தோட்டத் தமிழரின் நூறாண்டுக் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில் அது. அந்த முதல் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. காட்டை வெட்டியவர்களும் மலேரியாவில் செத்தவர்களும் இருட்டில் எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டியவர்களும் நம் பாட்டன் பாட்டிமார். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப்போனது இவர்களைத்தான். 1950களில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்க, துண்டு துண்டாகக் கைமாறியபோது தெருவுக்கு வந்ததும் இவர்கள். பொருளியலாளர் உங்கு அசீஸ் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானதும் நாற்பது ஆண்டு உழைத்த மண்ணிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர். எஞ்சியவர்களின் பிள்ளைகள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் தோட்டம் வீட்டுமனையானபோதும் மறுபடி வெளியேறினார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையை நான் பொன்னுலகமாகப் பாடவில்லை. கள்ளுக்கடையும் கங்காணியின் பிரம்பும் அங்கேதான் இருந்தன. ஆனால் லயத்தில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். தோட்டத்து டிரெசர் வந்து பார்ப்பார். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடியின் நாலாவது மாடிக்கு வந்தவர்களுக்கு இவை எதுவும் இல்லை. லிஃப்ட் பழுதானால் சக்கர நாற்காலிக்காரர் கிளினிக்குக்குப் போகவே முடியாது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்துவிட்டவருக்கு அரசாங்க மருத்துவமனை வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறது. குடிமகனுக்கு 1 ரிங்கிட்டில் முடிகிற கிளினிக் வருகை, இங்கேயே பிறந்து இங்கேயே சாகப்போகிற ஒருவருக்குக் கைக்கெட்டாததாகிறது.

இப்படிப்பட்டவரைத்தான் சுகமளிக்கும் கூட்டம் அழைக்கிறது. அங்கே அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயரைக் கேட்கிறார். தலையில் கைவைத்து, இந்த மகளுக்கு இரங்கும் ஆண்டவரே என்று கண்ணீரோடு ஜெபிக்கிறார். பல மாதங்களில் அந்தப் பெண்ணை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அவள் தேம்புவதை நடிப்பு என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பெதஸ்தாவில் முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவன் இயேசுவிடம் முறையிட்டது தன் நோயைப் பற்றிக்கூட அல்ல. தண்ணீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்பதுதான் அவன் முறையீடு. கூட்டத்துக்கு வருகிறவர்களின் முறையீடும் பெரும்பாலும் அதுவே. நம் சபைகள் அவர்களுக்கு ஓரிரவுக்கு ஆள் கொடுக்கின்றன. மறுநாள் காலை பந்தலைப் பிரிக்கிறார்கள். பிரசங்கியார் அடுத்த ஊருக்குப் போகிறார். அவள் நாலாவது மாடியில் இருக்கிறாள்.

அந்த இரவில் நடப்பதைவிட மறுநாள் தொடங்கும் இன்னொரு கேடு கொடியது. இந்த நாட்டு இந்தியர்களிடையே இனிப்பு நீர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியாதவர் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. டயாலிசிசுக்குப் புதிதாகப் போய்ச் சேருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த நோய்தான். இது சத்தமில்லாத நோய். மாத்திரையை நிறுத்தினால் அன்றே ஒன்றும் நடக்காது. ஒரு வாரம் உடம்பு லேசாக இருப்பதுபோலக்கூடத் தோன்றும். சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னவர், மாத்திரை விழுங்குவது அந்தச் சாட்சிக்குத் துரோகம் என்று நினைத்து நிறுத்திவிட்டால், காலில் புண் ஆறாமல் கறுத்துப்போகும்போதுதான் தெரியவரும். மருந்தை நிறுத்துங்கள் என்று எல்லாப் பிரசங்கியாரும் சொல்வதில்லை என்பது உண்மை. நிறுத்தாதீர்கள் என்று எத்தனை பேர் மேடையில் சத்தமாகச் சொல்கிறார்கள்? சொன்னால் அற்புதத்தின் பளபளப்பு குறைந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. ஏசாயாவுக்கு அந்தப் பயம் இல்லை.

சபை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். பேராக்கில் கிறிஸ்தவம் வேர்விட்டபோது சேவை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட வேலையாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மறைப்பணியாளர் ரெனே ஃபே பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நிலத்தில் குடியமர்த்தினார். மெதடிஸ்ட் போதகர் ஹோர்லி 1895இல் ஈப்போவில் தொடங்கியது ஆங்கிலோ சீனப் பள்ளி. கான்வென்ட் 1907இல் வந்தது, லசால் சகோதரர்களின் செயின்ட் மைக்கேல் 1912இல் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் கதவுகள் திறக்கவில்லை என்பதும் உண்மை. சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஆனாலும் பள்ளியும் மருந்தும் நிலமும் சுவிசேஷத்தின் பகுதியாகவே கருதப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் பள்ளிகள் அரசின் கல்வித் திட்டத்துக்குள் போயின. வெளிநாட்டு மறைப்பணியாளர்கள் பத்தாண்டுக்கு மேல் தங்கமுடியாமல் விசா கட்டுப்பாடு வந்தது. கைகள் காலியாயின. அந்த வெற்றிடத்தில் ஏழைகளின் பக்கம் நிற்கப் புதிய வழிகளைத் தேடியிருக்கவேண்டிய நாம், ஒலிபெருக்கிகளை வாங்கினோம்.

எல்லாரும் அல்ல. வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் பங்குகளில் ஏழை வீடுகளுக்கு அரிசியும் பாலும் கொண்டு போகிறார்கள். எத்தனையோ மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே போதகர்கள் குடிகாரத் தகப்பன்களின் பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறார்கள். நான் எதிர்ப்பது இவர்களை இரண்டாந்தர ஊழியக்காரர்களாக்கிவிட்ட மனநிலையை.

சேவையை யார் வேண்டுமானாலும் செய்யலாமே, அதில் சபைக்கு என்ன தனித்துவம் என்று கேட்கிறவர்களுக்கு இயேசுவே பதில் சொல்லிவிட்டார். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவனாக அவர் காட்டியது ஆசாரியனையோ லேவியனையோ அல்ல, ஒரு சமாரியனை. போய் நீயும் அவ்விதமே செய் என்றுதான் அனுப்பினார். அவனைவிட வித்தியாசமாக ஏதாவது செய் என்று சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் தோட்டத் தொழிலாளருக்காகப் பல்லாண்டு உழைத்தார். அத்தொகுதி மக்கள் 2008இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அவர் செய்கிற வேலையைச் சபையும் செய்தால் சபை தாழ்ந்துபோகாது. செய்யாமல் போனால், அடிபட்டவனைக் கண்டு விலகிப்போன அந்த இருவரோடு சேர்ந்துவிடும்.

இன்னொரு பேச்சு: இவையெல்லாம் ஆவிக்குரிய காரியங்கள் அல்ல, அரசியல். இதற்கும் பேராக்கிலேயே பதில் உண்டு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை வந்தது. வெள்ளீயத்தோடு வரும் கனிமத்திலிருந்து அரிய மண் தாதுக்களைப் பிரித்தெடுத்து, தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை மிச்சம் வைத்தது. அந்தக் கழிவைப் பாப்பானில் புதைக்கத் திட்டமிட்டபோது 1984இல் அங்குள்ளவர்கள் எதிர்த்து நின்றார்கள்; சிபில் மருந்து கட்டிய அதே பாப்பான். புக்கிட் மேரா மக்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து காரீய அளவைச் சொன்னவர் டாக்டர் ஜெயபாலன். மக்களுக்கு அறிவியல் துணையாக நின்றவர்களில் ஒருவர் ரோசலி பெர்ட்டெல், வட அமெரிக்காவிலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி, உயிர்ப்புள்ளியியலில் முனைவர். நோயுற்ற குழந்தைகளுக்காக அவர் ஜெபித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜெபித்துவிட்டு எண்களைக் கணக்கிட உட்கார்ந்தார். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அது மாறினாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 1987 அக்டோபரில்தான், பலரை விசாரணையின்றிக் காவலில் வைத்த ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கை வந்தது. புக்கிட் மேரா போராட்டக்காரர்களையும் பிடித்தார்கள். கத்தோலிக்க மனித மேம்பாட்டு அலுவலகத்தை நடத்திய லசால் சகோதரர் ஆண்டனி ரோஜர்சையும் பிடித்தார்கள். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தில் உருவான ஐரின் ஃபெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர் படும் பாட்டை 1995இல் வெளியே சொன்னதற்காகப் பதின்மூன்று ஆண்டு நீதிமன்றப் படியேறினார். 2003இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். இவர்களில் ஒருவரையாவது நம் எழுப்புதல் கூட்டங்களின் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லக் கேட்டோமா? முதுகுவலி தீர்ந்த சாட்சிக்கு இடமிருக்கிறது. கடைசி நாளில் உம்முடைய பெயரால் பல அற்புதங்கள் செய்தோம் என்று வருகிறவர்களை உங்களை எனக்குத் தெரியாது என்று அனுப்பிவிடுவதாகவும், பசித்தவனுக்கும் நோயாளிக்கும் சிறையிலிருந்தவனுக்கும் என்ன செய்தீர்கள் என்று கேட்கப்போவதாகவும் சொன்னவர் ஒருவரே. இரண்டும் மத்தேயுவில்தான் இருக்கின்றன.

சேவை செய்தால் மதமாற்றம் என்று பழி வரும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. ஏழை இந்துக் குடும்பங்களின் நடுவே வாழும் நாம் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக்கூடாது. ஆனால் அந்தப் பழியை அதிகம் சம்பாதித்துத் தருவது எது? இயேசுவிடம் வா, நோய் போகும், கடன் தீரும் என்ற அழைப்புதான். உதவிக்கு விலை வைக்கிற அழைப்பு அது. ஐயாயிரம் பேர் சாப்பிட்டபோது யாரும் பெயர் எழுதிக்கொள்ளவில்லை. இந்துப் பெண் ஒருத்தியின் மகனுக்குப் பிறப்புப் பத்திரம் வாங்கப் பதிவிலாகாவுக்கு நாலு முறை கூடவே நடந்துவிட்டு, அவளை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லாமல் இருக்கத் தெரிந்த சபைமேல் யாரும் பழிபோட முடியாது.

சுகமளிக்கும் கூட்டங்களை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை ஈப்போவில் அரங்கம் பதிவுசெய்யும் சபைகளிடம் சிலவற்றைக் கேட்கவேண்டும் என்கிறேன். ஜெபத்துக்கு வரிசையில் வருகிறவர்களின் முகவரியைக் காணிக்கைக்காக அல்லாமல் மறுநாள் போய்ப் பார்ப்பதற்காக யார் எழுதிக்கொள்வார்? இரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒரு தாதி வாசலில் இருப்பாரா? மருந்தை நிறுத்தாதீர்கள் என்று பிரசங்கியார் மேடையிலிருந்து சொல்லச் சம்மதிப்பாரா? வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிசுக்குப் போகிறவரை ஏற்றிச்செல்ல, கூட்டத்துக்கு ஆள் ஏற்றிவந்த அதே வேன் கிடைக்குமா? சுகம் பெறாமல் திரும்புகிறவரோடு யார் வீடுவரை போவார்? இவற்றுக்குப் பதில் இல்லாத சபை அந்தப் பணத்தை அரங்க வாடகைக்குக் கொடுக்கவேண்டாம். நாலாவது மாடிக்குச் சக்கர நாற்காலி ஏற முடியாத அடுக்குமாடிகளில், கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, தாதி ஒருவரையும் மனு எழுதத் தெரிந்த ஒருவரையும் அங்கே உட்கார வைக்கட்டும். ஜெபிக்க விரும்புகிறவர்கள் அந்த வீட்டிலேயே ஜெபிக்கட்டும்.